அந்தமான் தீவுப் பயணம்: சிரிக்க வைக்கும் சங்கடங்கள், அவற்றின் காரணங்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அந்தமான் போய் வந்தவர்கள் ஊரில் சொல்லும் கதைகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். மாலை ஐந்து மணிக்கே இருட்டிய கடற்கரை, அறைக்குள் இரவில் நடமாடிய சங்கு, தண்ணீருக்கடியில் “சூப்பர்” என்று கட்டைவிரல் காட்டியதும் மேலே தூக்கிவரப்பட்ட மாமா. கேட்கும்போது சிரிப்பு வரும். ஆனால் இவை எதுவும் தற்செயல் அல்ல. தீவில் நேரத்தைச் சூரியனும் கடலின் ஏற்ற வற்றமும் படகும்தான் முடிவு செய்கின்றன. நம் டிக்கெட்டில் அச்சான நேரத்தை மட்டும் நம்பிப் போகிறவர்களுக்கே இவை திரும்பத் திரும்ப நடக்கின்றன.

பெயர் பற்றி முதலில் ஒரு வார்த்தை. 2018 டிசம்பரில் ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் தீவு ஆனது, நீல் தீவு ஷாகீத் தீவு ஆனது, ராஸ் தீவுக்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பெயர் வைக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் புதிய பெயர் இருக்கும், ஆட்டோக்காரர் வாயில் பழைய பெயர் இருக்கும். இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். இங்கே புழக்கத்தில் உள்ள பழைய பெயர்களையே பயன்படுத்துகிறோம்.

கேள்வி: மாலை ஆறு மணிக்கு சூரிய அஸ்தமனம் பார்க்கப் போனோம், கும்மிருட்டு. ஏன்?

போர்ட் பிளேர் ஏறக்குறைய நம் கடலூரின் நேர் கிழக்கே, சுமார் 13 பாகை தள்ளி இருக்கிறது. பூமி ஒரு பாகை சுற்ற 4 நிமிடம். ஆகவே கடலூரைவிட அங்கே சூரியன் 50 நிமிடத்துக்கு மேல் முன்னதாக உதித்து, அதே அளவு முன்னதாக மறைகிறது. ஆனால் கடிகாரம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். டிசம்பரில் ஐந்து மணிச் சுமாருக்கு சூரியன் கடலில் இறங்கிவிடும். ஜூனில்கூட ஆறு மணிக்குள் முடிந்துவிடும். காலையிலோ ஐந்து, ஐந்தரைக்கே வெயில் வந்துவிடும்.

அதனால் நாளை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளுங்கள். ஐந்துக்கு எழுந்து, ஆறுக்குக் கிளம்பி, பதினொன்றரைக்குச் சாப்பிட்டால் எல்லாம் சரியாக அமையும். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் அஸ்தமனம் பார்க்க வேண்டுமானால் குளிர்காலத்தில் மூன்றரை மணிக்கே அங்கே இருக்க வேண்டும். நான்கு மணிக்கு டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று விடுதியில் உட்கார்ந்திருப்பவர்கள் வழியிலேயே இருட்டில் மாட்டுவார்கள். வாடகை ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ராதாநகர் சாலையில் விளக்குகள் குறைவு, வளைவுகள் அதிகம், மாடுகள் நடுவில் படுத்திருக்கும்.

கேள்வி: “பீச்சுக்குப் போங்கள்” என்றால் ஹேவ்லாக்கில் ஆட்டோக்காரர் ஏன் நம்பர் கேட்கிறார்?

ஹேவ்லாக்கில் கடற்கரைகளையும் ஊர்களையும் எண்ணிட்டுத்தான் அழைப்பார்கள். படகுத்துறை 1, கடைத்தெரு 3, விடுதிகள் பெரும்பாலும் 3, 5 பக்கம், ராதாநகர் 7. துறையிலிருந்து ராதாநகர் சுமார் 12 கிலோமீட்டர், தீவின் மறுபக்கம். காலாபத்தர் கடற்கரை இதற்கு எதிர்த் திசையில், கிழக்குக் கரையில் இருக்கிறது. அங்கே சூரியோதயம் தெரியும், அஸ்தமனம் தெரியாது. ராதாநகரில் நேர்மாறு. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுக்கொண்டு மாலையில் காலாபத்தரில் சூரியனைத் தேடி நிற்கும் குடும்பத்தை எந்தச் சீசனிலும் பார்க்கலாம்.

கேள்வி: படம் பார்த்துப் போன நீல் தீவு பாறைப் பாலம் நேரில் ஏன் இல்லை? அங்கே பரத்பூர் கடற்கரையில் கடலே இல்லையே?

இரண்டுக்கும் ஒரே காரணம். கடல் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. ஏற்றத்திலிருந்து வற்றத்துக்கு சுமார் 6 மணி 12 நிமிடம். நாளுக்கு நாள் இந்த நேரம் சுமார் 50 நிமிடம் பின்தள்ளும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் மிக அதிகம். எட்டாம் பிறையை ஒட்டி மிகக் குறைவு. நம் வீட்டுத் தினசரி காலண்டரே இதற்குப் பாதி வழிகாட்டி.

நீல் தீவில் பவளப்பாறை கரையை ஒட்டிய மேடாக நீண்டு கிடக்கிறது. வற்றம் வந்தால் பரத்பூரில் முழங்கால் ஆழத்துக்கும் குறைவாகி, நீந்தப் போனவர் பாறையில் வயிறு உரசித் திரும்புவார். ஏற்றத்தில் அதே இடம் பச்சை நிறத்தில் அருமையான நீச்சல் குளம். இயற்கைப் பாலம் இதற்கு எதிர்: ஏற்றத்தில் அதன் அடிவாரம் தண்ணீரில் இருக்கும், நடந்து போக வழியே இருக்காது. வற்றத்தில்தான் பாறைத் தளம் வெளிப்படும்.

செய்ய வேண்டியது எளிது. விடுதி வரவேற்பறையில் அன்றைய ஏற்ற வற்ற நேரத்தைக் கேளுங்கள், பெரும்பாலும் எழுதியே மாட்டியிருப்பார்கள். பாலத்துக்கு வற்ற நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு போய், வற்றம் கழிந்து ஒரு மணிக்குள் திரும்பிவிடுங்கள். பரத்பூரில் குளியல், கண்ணாடி அடித்தளப் படகு எல்லாவற்றையும் ஏற்ற நேரத்தில் வையுங்கள். பாலத்துக்குப் போகும்போது ரப்பர் அடிப்பாகம் உள்ள, பின்வார் இறுக்கிய செருப்பு போடுங்கள். ஹவாய் செருப்பு பாசி படிந்த பாறையில் வழுக்கிக் கழன்று, அடுத்த குட்டையில் மிதக்கும். பாறைக் குட்டைகளில் கடல் அட்டை, நண்டு, சின்ன மீன், சில நேரம் விலாங்கு எல்லாம் தெரியும். குனிந்து பாருங்கள், கை விடாதீர்கள். பவளத்தின் மேல் கால் வைக்கவே கூடாது. மிதித்தால் அது செத்துப்போகும், நம் காலும் கிழியும். அந்தக் காயம் ஆற நாளாகும்.

கேள்வி: தீவுகளுக்கிடையே படகில் வாந்தி வராமல் இருக்க என்ன செய்யலாம்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. விரிவாகவே சொல்கிறோம்.

போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் போக இரண்டு வகைப் படகுகள். அரசுப் படகு ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து கிளம்பும். மெதுவாகப் போகும், இரண்டு மணிக்கு மேல் ஆகும், மேல்தளத்தில் காற்றோட்டமாக நிற்கலாம். தனியார் படகுகள் வேகமான இரட்டை உடல் கப்பல்கள், ஒன்றரை மணியை ஒட்டிச் சேர்த்துவிடும். ‘கேட்டமரான்’ என்று உலகம் இவற்றை அழைப்பது நம் கட்டுமரத்திலிருந்து போன சொல்தான். ஆனால் இவற்றில் பெரும்பாலும் கண்ணாடி அடைத்த குளிர்சாதன அறைக்குள்தான் உட்கார வேண்டும். அலை இருக்கும் நாளில், மூடிய அறையில், முன்சீட்டில் ஒருவர் ஆரம்பித்தால் வரிசை வரிசையாகப் பரவும்.

காரணம் இது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு “ஆடுகிறோம்” என்று மூளைக்குச் சொல்கிறது. கண்ணோ அறைக்குள் அசையாத சீட்டைப் பார்த்து “ஆடவில்லை” என்கிறது. இந்த முரண்பாட்டில் வயிறு புரள்கிறது. மொபைலைக் குனிந்து பார்த்தால் முரண்பாடு இரட்டிப்பாகும். அதனால்தான் செல்ஃபி எடுத்து அனுப்பிக்கொண்டே வந்தவர் முதலில் பையைத் தேடுவார்.

மாத்திரை போடுவதாக இருந்தால் கிளம்புவதற்கு ஒரு மணி முதல் இரண்டு மணி முன்பு போட வேண்டும். அவோமின் போன்ற ப்ரோமெதசின் வகை மாத்திரைகள் நம் ஊர் மருந்துக்கடைக்காரர் முதலில் எடுத்துத் தருபவை. தூக்கம் வரும், வாய் உலரும், இறங்கியதும் ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது. கர்ப்பிணிகள், குழந்தைகள், கண் அழுத்தம் அல்லது புராஸ்டேட் தொல்லை உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. படகு ஆட ஆரம்பித்த பிறகு விழுங்கும் மாத்திரை அடுத்த அலையில் வெளியே வந்துவிடும், பயன் இல்லை.

சீட்டு: நீள வாக்கில் நடுவிலோ சற்றுப் பின்னாலோ, கீழ்த்தளத்தில். மூக்குப் பகுதி ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்கும். ‘முன்சீட்டுக் காட்சி’ என்று கூடுதல் கட்டணம் கேட்டால் அமைதியான பிப்ரவரியில் வாங்குங்கள், ஜூலையில் வாங்காதீர்கள். வயிறு காலியாகவும் கூடாது, நிறையவும் கூடாது. இரண்டு இட்லி சரி. பூரி மசாலா, பால் சேர்த்த காபி வேண்டாம். இஞ்சி மரப்பா கொஞ்சம் வாயில் அடக்கிக்கொள்வது பலருக்கு உதவுகிறது. ஜன்னல் வழியே அடிவானத்தைப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் தலையைச் சீட்டில் சாய்த்துக் கண்ணை மூடுங்கள். அரசுப் படகின் தளத்தில் நிற்கும்போது வாந்தி வந்தால் காற்று வீசும் பக்கம் போகாதீர்கள், மறுபக்கம் போங்கள். இந்த ஒன்று தெரியாததால் தன் சட்டையோடு பக்கத்துக் குடும்பத்தின் சட்டையும் நனைந்த கதைகள் ஏராளம்.

கேள்வி: எந்த மாதம் போகலாம்?

ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி. பிப்ரவரி முதல் தண்ணீருக்கடியில் தெளிவும் நன்றாக இருக்கும். மே கடைசியிலிருந்து தென்மேற்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் தாழ்வு நிலைகள் உருவாகும் காலம். தீவுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, சென்னையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

கேள்வி: படகு ரத்தானால் என்ன செய்வது?

முன்னேற்பாடு மட்டும்தான் வழி. ரத்தான பிறகு செய்யக்கூடியது குறைவு. விமானத்துக்கு முந்தைய இரவு கட்டாயம் போர்ட் பிளேரில் இருங்கள். “காலை படகில் ஹேவ்லாக்கிலிருந்து வந்து மதிய விமானம் பிடித்துவிடலாம்” என்ற கணக்கு நல்ல வானிலையில் பத்துக்கு ஒன்பது முறை பலிக்கும். பலிக்காத அந்த ஒரு முறையில் மொத்தக் குடும்பத்துக்கும் புது டிக்கெட் வாங்க நேரும்.

2016 டிசம்பரை நினைவில் வையுங்கள். பின்னால் ‘வர்தா’ என்று சென்னையைத் தாக்கிய புயல் முதலில் அந்தமான் அருகே உருவானது. ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் நாட்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள்தான் அவர்களை அழைத்து வந்தன. அப்படி மாட்டினால் முதலில் தீர்வது கைப்பணம். நெட்வொர்க் போனால் ஏ.டி.எம்.மும் போகும், செயலியில் பணம் அனுப்புவதும் போகும். சென்னையிலிருந்து வரும் கடலடி ஒளியிழைக் கம்பி 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பிறகு இணையம் வெகுவாகச் சீராகியிருக்கிறது. ஆனாலும் சின்னத் தீவுகளில் இன்றும் தடங்கல் வரும். இரண்டு நாள் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் போதுமான ரொக்கத்தைத் தனியாக மடித்து வையுங்கள். தினமும் போடும் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை நான்கு நாள் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை கைப்பையில் இருக்கட்டும். பெட்டியைப் படகில் தனியாக அடுக்குவார்கள். ஒரே படகு ஹேவ்லாக், நீல் என்று தொட்டுப் போகும்போது, நீலில் இறங்க வேண்டிய பெட்டி ஹேவ்லாக் துறையில் இறங்கிவிடுவது உண்டு. பெட்டியில் ஊர்ச் சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று ஏறும் முன் நீங்களே பாருங்கள், கைப்பிடியில் கண்ணில் பட ஒரு சிவப்புத் துணி கட்டுங்கள்.

கேள்வி: விமானமே திரும்பிப் போய்விடும் என்கிறார்களே?

உண்மைதான். போர்ட் பிளேர் ஓடுபாதையின் ஒரு பக்கம் மேடாக இருப்பதால் பெரும்பாலும் ஒரே திசையிலிருந்துதான் இறங்க முடியும். காற்று பின்னாலிருந்து பலமாக வீசினாலோ மழை மறைத்தாலோ இறங்க மாட்டார்கள். பக்கத்தில் மாற்று நிலையம் கிடையாது, எனவே சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ திரும்ப வேண்டியதுதான். சென்னையிலிருந்து இரண்டேகால் மணி பறந்து, மேலே சுற்றி, மறுபடி சென்னையிலேயே இறங்கியவர்கள் உண்டு. மழைக்காலத்தில் காலை விமானத்தையே எடுங்கள். அன்றைக்கே ஹேவ்லாக் படகு என்று போட்டுக்கொள்ளாதீர்கள். ஓடுபாதையைக் கடற்படையும் பயன்படுத்துகிறது, விமானத்திலிருந்து இறங்கிய இடத்தில் நின்று படம் எடுத்தால் காவலர் வந்து அழிக்கச் சொல்வார்.

கேள்வி: சென்னையிலிருந்து கப்பலில் போவது எப்படி இருக்கும்?

தூரம் சுமார் 1,190 கிலோமீட்டர், ஏறக்குறைய 60 மணி நேரம். துறைமுகத்தில் காத்திருப்பதையும் சேர்த்தால் மூன்று நாள் போய்விடும். கப்பல் தேதி முன்கூட்டி நெடுநாளுக்கு அறிவிக்கப்படுவதில்லை. அறிவித்த தேதியும் தள்ளும். விடுமுறை கணக்காக இருப்பவர்கள் போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று வைத்துக்கொள்வது நல்லது. திருப்பி வைத்தால் அலுவலகத்துக்குப் பதில் சொல்லி முடியாது.

‘பங்க்’ வகுப்பு என்பது அடுக்குப் படுக்கைகள் கொண்ட பெரிய கூடம். குடும்பத்தோடு போனால் அறை எடுங்கள். போர்வை, தட்டு, டம்ளர், பெட்டிக்குச் சங்கிலிப் பூட்டு, அசல் அடையாள அட்டை இவை தேவை. கப்பல் உணவகத்தில் சாப்பாடு கிடைக்கும், ஆனால் மூன்றாம் வேளைக்குள் நாக்கு சலித்துவிடும். முதல் நாளுக்குப் புளியோதரை, அதன் பிறகு பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய் என்று கட்டிக்கொண்டு போகிறவர்கள்தான் கப்பலில் நண்பர்கள் சேர்ப்பார்கள். கரை மறைந்து சில மணி நேரத்தில் மொபைல் சிக்னல் போய்விடும். வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்று நாளும் அங்கே அழுகையாக இருக்கும்.

எங்கள் கருத்து: நேரம் இருக்கிறவர்கள் வாழ்நாளில் ஒரு முறையாவது கப்பலில் போக வேண்டும். நடுக்கடலில் இரவு மேல்தளத்தில் படுத்தால் தெரியும் நட்சத்திரங்களைத் தமிழ்நாட்டின் எந்த நகரத்திலும் பார்க்க முடியாது.

கேள்வி: நீச்சல் தெரியாது. ஸ்கூபா செய்யலாமா? என்ன சொதப்பும்?

செய்யலாம். காற்று உருளையை மாட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்குவதுதான் ஸ்கூபா. அறிமுக டைவுக்கு நீச்சல் தேவையில்லை, வயது 10 ஆகியிருக்க வேண்டும். பயிற்றுநர் கூடவே பிடித்துக்கொண்டு வருவார், ஆழம் 12 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஆஸ்துமா, இதய நோய், காது அறுவை போன்றவற்றைப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். சளி பிடித்திருந்தால் அன்று வேண்டாம். காதுக்கும் மூக்குக்கும் இடையிலான குழாய் அடைத்திருந்தால் அழுத்தம் சமமாகாது, செவிப்பறை கிழியலாம்.

சொதப்புவது மூன்று இடத்தில்.

முதலாவது சைகை. தண்ணீருக்கடியில் கட்டைவிரலை உயர்த்தினால் “மேலே போக வேண்டும்” என்று பொருள். “நன்றாக இருக்கிறேன்” என்பதற்குக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்த்து வட்டம் காட்ட வேண்டும். நம் ஆட்கள் ஒரு மீன் கூட்டத்தைப் பார்த்த மகிழ்ச்சியில் கட்டைவிரல் காட்டுவார்கள், பயிற்றுநர் உடனே மேலே கொண்டுவந்துவிடுவார். “ஏன் சார் கொண்டுவந்தீங்க?” “நீங்கதானே கேட்டீங்க?” இந்த உரையாடல் ஹேவ்லாக் கடலில் அன்றாடம் நடப்பது. காது வலித்தால் விரித்த கையை இப்படி அப்படி ஆட்டிவிட்டுக் காதைக் காட்டுங்கள்.

இரண்டாவது மீசை. முகக் கண்ணாடியின் சிலிகான் ஓரம் தோலோடு ஒட்டினால்தான் நீர் புகாது. மூக்குக்குக் கீழே ஓரம் உட்காரும் இடத்தில் மீசை முடி சிறு சிறு வாய்க்கால்களாக நிற்கும். ஒவ்வொரு முடியின் பக்கத்திலும் துளித் துளியாகக் கடல் ஏறி, ஐந்தாவது நிமிடத்தில் மூக்கு வரை நிறையும். சிரித்தால் கன்னம் மடிந்து இன்னும் வேகமாக ஏறும். மூக்குத் துவாரத்தை ஒட்டிய மேல்மீசையை அரை விரல்கடை மழித்துக்கொண்டாலே போதும், முழு மீசையையும் தியாகம் செய்ய வேண்டாம். அல்லது அந்த இடத்தில் பெட்ரோலியம் ஜெல்லி தடவிப் படிய வையுங்கள். நீர் ஏறிவிட்டால் பதறாமல் கண்ணாடியின் மேல் ஓரத்தை நெற்றியோடு அழுத்தி, முகத்தைச் சற்று நிமிர்த்தி, மூக்கு வழியாக ஊதுங்கள். நீர் கீழ் ஓரம் வழியே வெளியேறிவிடும். இதைக் கரையிலேயே இரண்டு முறை செய்து பாருங்கள்.

மூன்றாவது காது. இறங்கும்போது ஒவ்வொரு மீட்டருக்கும் மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுங்கள். வலி வந்த பிறகு ஊதுவதில் பயனில்லை, வலிக்கு முன்பே ஊத வேண்டும். மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது.

டைவுக்குப் பிறகு விமானம் ஏறக் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் செய்திருந்தால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், விமானத்தின் குறைந்த அழுத்தத்தில் குமிழாகும். ஆகவே டைவை முதல் நாட்களில் வையுங்கள்.

கேள்வி: கால் முழுக்கச் சிவப்புப் புள்ளி, மூன்று நாள் அரிப்பு. கொசுவா?

மணல் ஈ. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, சத்தமும் போடாது. விடியலிலும் மாலையிலும் ஈர மணலில்தான் அதிகம். கடிக்கும்போது தெரியாமல், இரவில்தான் அரிப்பு தொடங்கும். அஸ்தமனம் பார்க்க மணலில் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்தவர்களுக்கு இதுதான் பரிசு. விரிப்பு போட்டு, முழங்காலுக்குக் கீழ் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவிக்கொண்டு உட்காருங்கள். எண்ணெய்ப் படலத்தில் ஈ நிலைக்க முடியாது. கடித்த பிறகு சொறியாதீர்கள், அந்த ஈரப்பதத்தில் நகக்கீறல் சீழ் பிடிக்கும். கேலமைன் தடவுங்கள், தாங்க முடியாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

வெயில் பற்றியும் இதோடு சொல்லிவிடுகிறோம். மூச்சுக்குழாயைக் கவ்விக்கொண்டு ஸ்நார்க்கல் செய்பவர் நீர்மட்டத்தில் குப்புற மிதப்பதால் வேகுவது முகம் அல்ல, முழங்காலின் பின்புறமும் பிடரியும். அன்றிரவு உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடைதான் சரியான தீர்வு.

கேள்வி: கடற்கரையில் கிடக்கும் சங்கு, உதிர்ந்த பவளத்தை எடுத்து வரலாமா?

கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பவளங்களும் பல சிப்பி, சங்கு வகைகளும் பாதுகாக்கப்பட்டவை. செத்து வெளுத்த துண்டானாலும் விலக்கு இல்லை. விமான நிலையத்தில் பை ஊடுகதிரில் பளிச்சென்று தெரியும், பெட்டியைத் திறக்க வைப்பார்கள். குழந்தை ஆசையாகப் பொறுக்கிய மூன்று துண்டுக்காக விசாரணையில் நிற்க வேண்டாம். வாங்க வேண்டுமானால் போர்ட் பிளேரில் அரசின் சாகரிகா விற்பனையகம் போன்ற இடத்தில் ரசீதோடு வாங்குங்கள்.

சட்டம் ஒருபுறம். அந்தச் சங்கு காலியாக இருப்பதுபோல் தோன்றினாலும் உள்ளே பெரும்பாலும் நண்டு குடியிருக்கிறது. தொட்டதும் உள்ளிழுத்துக்கொண்டு, ஒற்றைக் கொடுக்கால் வாசலை அடைத்துவிடும். மேசையில் வைத்துவிட்டு விளக்கை அணைத்தால், பதினைந்து நிமிடத்தில் டைல்ஸ் தரையில் டக் டக் என்று நடை தொடங்கும். பேய் என்று அலறி வரவேற்பறையை எழுப்பியவர்கள் பலர். பையில் மறந்து வைத்தால் இரண்டாம் நாள் வரும் நாற்றத்துக்கு எந்த சோப்பும் ஆகாது. அதன் வீட்டை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: முதலை உண்டா?

உண்டு. உவர்நீர் முதலைகள் சதுப்புநில ஓடைகளிலும், அவை கடலில் கலக்கும் முகத்திலும் திரிகின்றன. 2010-இல் ஹேவ்லாக்கில் ஒரு வெளிநாட்டுப் பயணி முதலை தாக்கி இறந்தார். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் முழங்கால் அளவுகூட இறங்காதீர்கள். இருட்டிய பிறகு எங்கும் இறங்காதீர்கள். இதை வேடிக்கைக் கதைகளின் வரிசையில் வைக்க எங்களுக்கு மனம் இல்லை.

கேள்வி: பாராடாங் போகும் வழியில் ஜாரவாக்களைப் பார்க்கலாமா?

இந்தக் கேள்வியை இப்படிக் கேட்பதே தவறு என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். பாராடாங்கின் சுண்ணாம்புக் குகைக்கும் சேற்று எரிமலைக்கும் போகும் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டின் வழியே போகிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளைச் சேர்த்து, காவல் துணையோடு குறித்த நேரங்களில் அணியாக விடுவார்கள். வழியில் நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, தின்பண்டம் எறியக் கூடாது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி மீறினால் கைது, சிறை. வெளியிலிருந்து நாம் கொண்டுபோகும் சாதாரணக் காய்ச்சலே அவர்களுக்கு ஆபத்து. ஊர் திரும்பி அவர்களை வைத்துச் சிரிப்புக் கதை சொல்பவர்களை நிறுத்திச் சொல்லுங்கள்: ஜாரவாக்களின் வீட்டு வாசல் வழியே போனது நாம்.

பயண நுணுக்கம்: முதல் அணியைப் பிடிக்கப் போர்ட் பிளேரிலிருந்து அதிகாலை மூன்றரை, நான்குக்கே கிளம்ப வேண்டும். சாவடியில்தான் கழிப்பறையும் டீயும். உள்ளே நுழைந்தால் மறுபக்கம் வரை வண்டி நிற்காது, எனவே குழந்தைகளைத் தயார்படுத்திவிட்டு நுழையுங்கள். அதன் பிறகு வண்டிகளை ஏற்றிச் செல்லும் படகில் நீரிணையைக் கடந்து, சதுப்புநில ஓடை வழியே விசைப்படகில் அரை மணி, பிறகு குகைக்கு ஒன்றரை கிலோமீட்டர் நடை. சேற்று எரிமலை என்ற பெயரைக் கேட்டு நெருப்பை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். சாம்பல் நிறச் சேறு மெல்லக் குமிழ்விடும் சிறு மேடு அது.

கேள்வி: நிக்கோபார்?

சுற்றுலாவாகப் போக முடியாது, பழங்குடியினர் பகுதிக்கான தனி அனுமதி வேண்டும். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி ‘மாநக்கவாரம்’ என்று சொல்லும் தீவு இதுதான். அந்தமானிலும், பழங்குடியினர் வாழும் வட சென்டினல் தீவைச் சுற்றி ஐந்து கடல் மைலுக்குள் யாரும் போகக் கூடாது.

கேள்வி: இந்தி தெரியாது, சமாளிக்கலாமா?

தாராளமாக. 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மக்களில் சுமார் 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள். போர்ட் பிளேரின் அபர்தீன் கடைத்தெருவில் தமிழில் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் தமிழிலேயே பதில் வரும். ஹேவ்லாக்கிலும் நீலிலும் வங்காளம்தான் அதிகம், அங்கே நாலு வார்த்தை இந்தி உதவும். பேரம் பேசும்போது மட்டும் உங்களுக்குள் தமிழில் “இவன் ஏமாத்துறான்” என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். எதிரில் இருப்பவர் ராமநாதபுரத்துக்காரராக இருக்க வாய்ப்பு உண்டு.

கேள்வி: பழைய 20 ரூபாய் நோட்டில் உள்ள காட்சியை எங்கிருந்து பார்க்கலாம்?

சிவப்பு நிற 20 ரூபாய் நோட்டின் பின்புறம் தென்னை மரங்களுக்கு நடுவே தெரிவது வடக்கு விரிகுடாவும் அதன் கலங்கரை விளக்கமும். மவுண்ட் ஹாரியட் மலைக்கு ஏறும் சாலையில், உச்சிக்கு முன்பே அந்தக் கோணம் கிடைக்கும். 2021-இல் மலைக்கு மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். மேலே போய்த் தேடுபவர்களுக்குக் காட்சி பொருந்தாது, எனவே ஓட்டுநரிடம் “நோட்டு பாயின்ட்” என்று முன்கூட்டியே சொல்லுங்கள். 2019-இல் வந்த பச்சை மஞ்சள் நோட்டில் எல்லோரா இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போய் ஒப்பிட்டுப் பார்த்துத் திணறுபவர்கள் உண்டு. ஊரிலிருந்தே ஒரு பழைய சிவப்பு நோட்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டு போங்கள், காலை வெளிச்சத்தில் நீட்டிப் பிடியுங்கள்.